கிளெமென்ற் தோற்ற இரண்டு போர்கள்

நோர்வேயின் போர் ஒன்றை ஆண்டு, மாதம், தேதியோடு சரியாகச் சொன்னால் சால்மனின் நடுத்துண்டு. பிழையாகச் சொன்னால் வால். ஸ்டோவ்னரில் மீன் வெட்டும் கிளெமென்றைப் பற்றி இப்படி ஒரு கதை ஒஸ்லோத் தமிழர் நடுவே மூன்று மாதமாக உலாவிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு சாமத்திய வீட்டில் கேட்டேன். பிறகு ஒரு செத்த வீட்டிலும் கேட்டேன். கொண்டாட்டத்தில் கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு வரலாம். செத்த வீட்டில் கேட்டதை விசாரிக்காமல் விடக் கூடாது. ஒரு வியாழக்கிழமை பின்னேரம் ஸ்டோவ்னருக்கு ரி-பானே ரயில் ஏறினேன்.

பேரங்காடியின் மீன் பகுதிக் கண்ணாடிக்குப் பின்னால், நொறுக்கிய ஐஸின் மேல், ஒரு முழுக் கொட் மீன் கிடந்தது. அதன் இரு பக்கமும் ஐஸை மேடாகக் குவித்து, நடுவில் ஒடுக்கமாக ஒரு வாய்க்கால் விட்டிருந்தார்கள். அலங்காரம் என்று நினைத்தேன். இல்லை, அது துறோபாக் நீரிணை. கொட் மீன், 1940இல் ஒஸ்லோவைப் பிடிக்க வந்த ஜெர்மானியரின் புளூஹர் போர்க்கப்பல். ஐஸ் மேட்டில் தலை நிமிர்த்தி நின்ற மூன்று இறால்கள், கரைக் கோட்டையின் மூன்று பீரங்கிகள்.

"மோசே, ஆரோன், யோசுவா. பீரங்கியளுக்கு வைச்ச பேரைப் பாருங்கோ. எல்லாம் எங்கட ஆக்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார் கிளெமென்ற். முன்னால் நின்றவர் சாய் என்ற தமிழ்நாட்டுப் பொறியியலாளர், காதில் இயர்போனோடு.

"அண்ணா, எனக்கு மீட்டிங் இருக்கு. கறி கட் போட்டுக் குடுத்துடுங்க, ப்ளீஸ்."

"பொறும் தம்பி. கப்பல் இன்னும் தாழேல்லை."

"எந்தக் கப்பல்ணா?"

"எந்தக் கப்பலோ! எந்த வருசம் எண்டு சொல்லும் பாப்பம்."

"நைன்டீன்... ஃபார்ட்டி ஃபைவ்?"

கத்தி அந்தரத்தில் நின்றது. கிளெமென்றின் முகத்தில் கோபம் இல்லை. பெற்ற பிள்ளை சைக்கிளில் இருந்து விழுவதைப் பார்க்கும் பரிதாபம். "நாப்பது தம்பி. ஏப்ரல் ஒன்பது. விடிய நாலு மணி இருபத்தொரு நிமிசம். குறிச்சு வையும்." அதன் பின் கதை சொல்லிக் கப்பலை அமிழ்த்தப் பதினொரு நிமிடம் பிடித்தது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு சாய் ஓடினார். கொடுத்தது வால்.

ஆக, கதை உண்மை என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் இன்னும் ஒரு மணி நேரம் அங்கே நின்றதில் வேறொன்று தெரிந்தது. சால்மனின் நடுத்துண்டுகள் காலை பதினொரு மணிக்கே முடிந்துவிடுகின்றன. பின்னேரம் வருகிற எல்லாருக்கும் வால்தான். காலையில் கூட்டம் என்பதால் கிளெமென்ற் பின்னேரம் வருகிறவர்களிடம்தான் வரலாறு கேட்கிறார். சரியாகச் சொன்னாலும் வால், பிழையாகச் சொன்னாலும் வால். சரியாகச் சொன்னால் கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான்.

கிளெமென்றுக்கு ஐம்பத்தேழு வயது. மன்னார்த் தீவின் ஒரு கரையில் பிறந்தவர். நோர்வேக்கு வந்து இருபத்தேழு வருடம். அதில் பத்தொன்பது வருடம் இந்த ஐஸுக்குப் பின்னால். கட்டையான ஆள். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டி நெஞ்சில் தொங்கவிட்டிருப்பார். மீனைப் பார்க்க அது தேவையில்லை, மனிதர்களைப் பார்க்க மட்டும் எடுத்துப் போடுவார். நல்ல மீனைப் புகழ்ந்து ஒரு சொல் சொல்லமாட்டார். சரியில்லாத மீனைக் காட்டிக் கேட்டால், தமிழில், உதடு அசையாமல், "இண்டைக்கு வேண்டாம்" என்பார். பக்கத்தில் நிற்கும் மேலாளர் அதை மீனின் பெயர் என்றே இத்தனை வருடமும் எண்ணியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

தேதிகளைப் பாடமாக்க அவரிடம் ஒரு முறை உண்டு. தராசில் இருந்து வரும் ஒட்டுத்தாளில் பேனையால் எழுதி, வாடிக்கையாளருக்குத் தெரியாத பக்கமாக மீன் பகுதிக் கண்ணாடியின் உள்பக்கத்தில் ஒட்டி வைப்பார். குனியும்போது ஒரு போர், நிமிரும்போது ஒரு போர். ஒருமுறை அதில் ஒரு தாள் கழன்று ஒரு கிழவியின் மீன் பொதியில் ஒட்டிக்கொண்டு போய்விட்டது. "27.02.43" என்றிருந்தது. மறுநாள் காலை கிழவி பொதியோடு வந்து நின்றார். பாவனைக்கு உகந்த கடைசித் தேதி எண்பது வருடத்துக்கு முன்பே முடிந்துவிட்டதாக அவருடைய முறைப்பாடு. அது ஜெர்மானியரின் கனநீர்த் தொழிற்சாலையை நோர்வேக்காரர் பனிச்சறுக்கில் போய்த் தகர்த்த இரவு என்று கிளெமென்ற் விளக்கினார். மேலாளர் வேறு மீன் கொடுத்து அனுப்பினார்.

இத்தனையும் எதற்கு என்றால், ஒரு கடவுச்சீட்டுக்கு. மகள் யூலியா கலியாணம் கட்டி ரொறன்ரோவில் இருக்கிறார். அவருடைய குழந்தை நிலூஜாவுக்கு மூன்று வயது. கிளெமென்றை அது 'போன் அம்மப்பா' என்று கூப்பிடுகிறது. அப்படி ஒரு உறவுமுறை இருப்பதாகவும், எல்லாப் பிள்ளைகளுக்கும் போனுக்குள் ஒரு அம்மப்பா உண்டு என்றும் அது நம்புகிறது. மனைவி மரியரஞ்சனி நோர்வேக் கடவுச்சீட்டோடு இரண்டு தரம் போய்ப் பேத்தியைக் குளிப்பாட்டி, சோறு தீத்தி, வந்துவிட்டார். கிளெமென்றிடம் இருப்பது அகதிகளுக்கான பயணப் பத்திரம். அதைக் காட்டி இரண்டு தரம் விசா கேட்டார். இரண்டு தரமும் இல்லை. குடியுரிமை எடுத்தால் விசாத் தொல்லை இல்லை. குடியுரிமைக்கு ஒரு சோதனை. முப்பத்தாறு கேள்வி, அதில் இருபத்து நான்கு சரியாக வேண்டும். அதில் அவர் இரண்டு தரம் தோற்றிருந்தார். நான் போன அன்று மூன்றாம் சோதனைக்கு மூன்று கிழமை இருந்தது. இதுவும் பிழைத்தால் இனி எழுதுவதில்லை என்று கோவில் வாசலில் வைத்து, பத்துப் பேர் கேட்கச் சொல்லியிருந்தார்.

"சோதனையில் எத்தனை கேள்வி போரைப் பற்றி வரும்?" என்று கேட்டேன்.

"பாதிக்கு மேலை எண்டு மாஸ்ரர் சொல்லுறார்."

மாஸ்ரர் என்பது இரத்தினவேல். எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் டியூட்டரி நடத்தியவர். சோதனைக்கு என்ன வரும் என்று முதல் நாள் கரும்பலகையில் எழுதிப் போடுவதில் பேர் போனவர். ஒஸ்லோவில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றபின் பழைய தொழிலுக்குத் திரும்பிவிட்டார். பேரங்காடியின் படிக்கட்டுக்குப் பக்கத்து வாங்கில் புதன்கிழமைகளில் இருப்பார். சோதனை எழுதிவிட்டு வருகிறவர்களை மறித்து என்ன வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். மிச்சம் இருப்பது அடுத்த முறை வரும். இதுதான் அவருடைய விஞ்ஞானம். கேள்விகளைக் கணினி தன்பாட்டுக்குப் பொறுக்குகிறது என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்கலாம். சொன்னால் கணினிக்கும் ஒரு ஒழுங்கு இருக்கும்தானே என்று கேட்பார்.

அவரையும் போய்ப் பார்த்தேன். "பிள்ளை பராமரிப்பு வந்திட்டுது, பாராளுமன்றம் வந்திட்டுது, குப்பை பிரிக்கிறது ரெண்டு தரம் வந்திட்டுது. மிச்சம் என்ன? யுத்தம். கிளெமென்றுக்கு அதைத்தான் சொன்னனான்" என்றார்.

"மாஸ்ரர், நீங்கள் எப்போது எழுதினீர்கள்?"

"எனக்கு அறுபத்தொன்பது. அறுபத்தேழுக்கு மேலை எழுதத் தேவையில்லை." அதனால்தான் அவர் இதுவரை ஒரு கேள்வியும் பிழைவிட்டதில்லை.

கிளெமென்ற் முதல் தரம் எழுதியபோது போரைப் பற்றி ஒரேயொரு கேள்வி வந்தது. நோர்வேயை ஜெர்மனி பிடித்து வைத்திருந்தது எந்தப் போரில்? முதலாம் உலகப் போரா, இரண்டாம் உலகப் போரா, வேறா? அதை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை. "நாலு மணி இருபத்தொரு நிமிசம் எண்டு நிமிசம் நிமிசமாப் பாடமாக்கினவனிட்டை எந்த யுத்தம் எண்டோ கேக்கிறது? ஒரு மரியாதை வேண்டாமோ?" மிச்ச முப்பத்தைந்தும் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பிள்ளைப்பேற்று விடுப்பு. முடிவில் தேறவில்லை என்று மட்டும்தான் வந்தது, புள்ளி வரவில்லை. ஆனால் டியூட்டரியில் படித்தவர்கள் மண்டபத்தை விட்டு இறங்கும் முன்பே தங்களுக்குத் தாங்களே புள்ளி போட்டுவிடுவார்கள். இருபத்திரண்டு போட்டார்.

இரண்டாம் தரமும் இராணுவத்தைப் பற்றி ஒன்று வந்தது. கட்டாய இராணுவ சேவை யாருக்கு? ஆண்களுக்கு மட்டும் என்று அழுத்தினார். பிழை. பெண்களுக்கும் உண்டு. "அது யுத்தப் பாடத்திலை இல்லை அண்ணை! சமத்துவம் எண்ட பாடத்திலை கொண்டுபோய் ஒளிச்சு வைச்சிருக்கினம்" என்றார், புதையல் தவறியவர் போல. இருபத்து மூன்று.

நான் நின்ற அந்த வியாழக்கிழமை ஆன்ட்ரியாஸ் வந்தார். ஓய்வு பெற்ற ட்ராம் சாரதி, பரம்பரை பரம்பரையாக நோர்வேக்காரர். வியாழன் தோறும் மீன் உருண்டை வாங்குகிறவர். கிளெமென்ற் அவரை விடவில்லை.

"ஸ்திக்லெஸ்தாத் போர் எப்போது?"

ஆன்ட்ரியாஸ் யோசித்தார். "ஜூலையில். அப்போது அங்கே நாடகம் போடுவார்கள். மழையும் பெய்யும்."

"எந்த ஆண்டு?"

"ஒவ்வொரு ஆண்டும்."

அவர் போனபின் கிளெமென்ற் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "இந்தாளுக்கு ஆர் குடியுரிமை குடுத்தது?"

"இங்கே பிறந்தவர்."

"ஓம். பிறக்கிறது லேசுதான்."

மாஸ்ரர் சொன்னார் என்பதற்காக மட்டும் ஒரு மனிதர் இவ்வளவு போரைத் தலையில் ஏற்றமாட்டார் என்று எனக்குப் பட்டது. கேட்டேன். அவர் ஒரு மீனின் செதிலை வாலில் இருந்து தலை வரை சுரண்டி முடித்துவிட்டுச் சொன்னார். வந்து இறங்கிய புதிதில் ஒரு அறையில் இருத்தி விசாரித்தார்களாம். எதிரே ஒரு அதிகாரி, பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். ஊரை விட்டு எப்போது ஓடினீர்கள் என்று கேட்டார்கள்.

"கொடியேறின மூண்டாம் நாள் எண்டனான். எங்கட கோவில் திருநாள் கொடி. எங்கட கரையிலை ஆரைக் கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லுவினம். செல் குண்டு விழுந்தது கொடியேறின மூண்டாம் நாள், வள்ளம் வெளிக்கிட்டது ஐஞ்சாம் நாள். அவை அதை எழுதேல்லை. தேதி வேணும் எண்டவை. நான் ஒரு தேதி சொன்னன். மாசம் பிழைச்சுப் போச்சு. அவையிட்டை இருந்த கடதாசியிலை வேறை மாசம்."

விண்ணப்பம் திரும்பி வந்தது. மேன்முறையீடு செய்து சரிவரும் வரை பதினான்கு மாதம் வடக்கே ஒரு முகாமில் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்கை வைச்சு ஒண்டு விளங்கினது அண்ணை. இவையள் யுத்தத்தைப் பற்றிக் கேட்டால் தேதி பிழைக்கக் கூடாது. என்ரை யுத்தத்துக்கே இந்தப் பாடு எண்டால், அவையின்ரை யுத்தத்துக்கு விடுவினமே?" என்றவர், சுத்தம் செய்த மீனைத் தராசில் போட்டார். "குறிச்சு வையுங்கோ."

இரண்டு நாள் கழித்து அவர்கள் வீட்டில் தேநீருக்கு அழைத்திருந்தார்கள். ஒன்பதாம் மாடி. மரியரஞ்சனி முதியோர் இல்லத்தில் வேலை. ஆறு வருடத்துக்கு முன் பத்து நாள் படித்து ஒரே தரத்தில் தேறியவர். குசினி மேசையில் சோதனைப் புத்தகம் கிடந்தது. அதில் வரலாற்றுப் பக்கங்களை எல்லாம் சேர்த்து உடுப்புக் கிளிப் போட்டு இறுக்கியிருந்தார்.

"இதைக் கழட்டினால் தேத்தண்ணி இல்லை" என்று கணவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "மாஸ்ரரின்ரை கதையைக் கேட்டு ரெண்டு தரம் போச்சு. இந்த முறை நான் கேக்கிறன், இவர் மறுமொழி சொல்லட்டும். நீங்கள் சாட்சி." தேநீரை ஊற்றிக்கொண்டே தொடங்கினார். "யூலியா பிறந்து ஆறாம் கிழமை நிறை பாக்க எங்கை கொண்டுபோனது?"

"டொக்டரிட்டை."

"பிழை. ஹெல்ஸஸ்தஷோன். தாய் பிள்ளையைப் பாக்கிற நிலையம். ரயிலடிக்கு எதிர்ப் பக்கம். ஆர் கொண்டுபோனது?"

"அது சோதினையிலை வராது."

"வராது. எண்டாலும் சொல்லுங்கோ."

"நீர்."

"எங்கட மகன் றொபினுக்குப் பதினெட்டு வயசு மட்டும் பல்லுப் பாத்தது. அதுக்கு ஏன் நாங்கள் காசு கட்டேல்லை?"

கிளெமென்ற் யோசித்தார். "அந்தப் பல்லு டொக்டர் நல்ல மனிசன்."

மரியரஞ்சனி என்னைப் பார்த்தார். நான் தேநீரைப் பார்த்தேன். "அரசாங்கம் இஞ்சை எல்லாப் பிள்ளையளுக்கும் சும்மா பாக்குது" என்றார். "இருவது வருசமா அந்தாளுக்கு நத்தாருக்கு றால் குடுத்து விடுறார். ஏன் எண்டு இண்டைக்குத்தான் விளங்குது."

"நல்ல மனிசன்தானே."

"சரி. பெற்றோர் கூட்டம். வருசத்துக்கு ரெண்டு, பத்து வருசம், ரெண்டு பிள்ளை. எத்தினை?"

"நாப்பது" என்றார் கிளெமென்ற், கணக்கு வந்த மகிழ்ச்சியில்.

"அதிலை நீங்கள் போனது?"

மேசை விரிப்பின் சுருக்கம் ஒன்றை அவர் நெடுநேரம் தடவிச் சரிப்படுத்தினார். "ஒண்டு."

"அதுவும் வகுப்பு மாறிப் போய், வேறை ஆற்றையோ பிள்ளையளின்ரை கூட்டத்திலை ஒரு மணித்தியாலம் இருந்து, கையும் உயர்த்திப்போட்டு வந்தனீங்கள்."

"எல்லாரும் உயர்த்திச்சினம்."

அடுத்த கேள்வி டுக்னாட். வசந்த காலத்தில் மாடிவீட்டுக்காரர் எல்லாரும் கூடி முற்றம் கூட்டிச் செடி நடும் நாளுக்கு நோர்வேக்காரர் வைத்த பெயர். சோதனையில் கட்டாயம் வருமாம். டுக்னாட் என்றால் என்ன?

"ஏப்ரல் மாசத்திலை நீர் இடுப்பு நோகுது எண்டு வந்து படுக்கிற நாள்."

மரியரஞ்சனி சிரித்துவிட்டார். சிரித்து முடிய நேரம் எடுத்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதைச் சரியெண்டு வைப்பம்" என்றார்.

அந்த மூன்று கிழமையும் இப்படித்தான் நடந்தது. மருந்துச் சீட்டு யார் எழுதுவது, வாடகை ஒப்பந்தம் முறிந்தால் எங்கே போவது, பிள்ளை கட்டாயமாக எத்தனை வருடம் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கெல்லாம் புத்தகத்தில் ஒரு விடை இருந்தது; மரியரஞ்சனியிடம் ஒரு சம்பவம் இருந்தது. விடை மறந்தாலும் சம்பவம் மறக்காதபடி அவர் சொன்னார். கிளெமென்ற் கடைக் கண்ணாடியில் போர்களை உரித்தெடுத்துவிட்டு, புதிய தாள்களை ஒட்டினார். ஒரு பின்னேரம் குனிந்து எட்டிப் பார்த்தேன். 'யூலியா, அம்மை ஊசி, றஞ்சி தனிய, பனி' என்று ஒன்றில் இருந்தது; றஞ்சி என்றால் மரியரஞ்சனி. வாடிக்கையாளர்களிடம் இப்போது அவர் ஒன்றும் கேட்கவில்லை. கப்பலையும் எடுத்துவிட்டார். ஆன்ட்ரியாஸ் மீன் உருண்டையை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் காத்து நின்றார், ஏமாற்றத்தோடு போனார்.

சோதனை நாள் வந்தது. எழுதிவிட்டு இறங்கும்போதே இருபத்தொன்பது என்று புள்ளி போட்டுக்கொண்டு வந்தார். ஆனால் முகம் சரியில்லை.

"ஒரு யுத்தமும் வரேல்லை அண்ணை" என்று என்னிடம் போனில் சொன்னார். "ஒண்டு கூட. மருந்துக்கும் இல்லை."

இதை நான் வாங்கில் இருந்த மாஸ்ரருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் கொப்பியைத் திறந்து ஏதோ எழுதினார். "அப்ப அடுத்த முறை கட்டாயம் வரும்" என்றார்.

முடிவு வந்தது. தேறிவிட்டார். அன்று மீன் பகுதிக்கு வந்த எல்லாருக்கும், நோர்வேக்காரர் உட்பட, தன் போனை ஐஸுக்கு மேலால் நீட்டிக் காட்டினாராம். ஆன்ட்ரியாஸ் கைகொடுத்து, "நாட்டுக்கு நல்வரவு" என்றாராம். "நான் இருபத்தேழு வருசமா இஞ்சைதானே நிக்கிறன்" என்று இவர் சொல்ல, "ஆனால் இன்றைக்குத்தான் என்னை ஒன்றும் கேட்காமல் விட்டாய்" என்றாராம் அவர்.

சிக்கல் அன்று வீட்டில்தான் தொடங்கியது. நடந்ததை இருவரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதும் அதிசயமாக ஒத்துப் போனது.

கிளெமென்ற் பயண முகவருக்குப் போன் எடுத்து ரொறன்ரோவுக்குப் பயணச்சீட்டு விசாரித்துக்கொண்டிருந்தபோது மரியரஞ்சனி வந்து பக்கத்தில் இருந்தார். "அதுக்கு முதல் ஒரு அலுவல் இருக்கு. நான் ஓலாவிட்டை நேந்தனான்."

"எந்த ஓலாவ்?"

"எங்கட கோவில் ஓலாவ். புனித ஓலாவ். நீங்கள் சோதினைக்குப் போன அண்டு காலமை போய் மெழுகுதிரி கொளுத்தி நேந்தனான்."

கிளெமென்ற் போனை வைத்துவிட்டார். "ஸ்திக்லெஸ்தாத்திலை செத்த ஓலாவோ? ஆயிரத்து முப்பது, ஜூலை இருபத்தொன்பது? றஞ்சி, அந்த ராசா அந்தச் சண்டையிலை தோத்த ஆள்! தோத்த ஆளிட்டையோ போய்ச் சோதினை பாஸ் பண்ணோணும் எண்டு கேக்கிறது?"

"நீங்களும் ரெண்டு தரம் தோத்த ஆள்தானே. பொருத்தம் பாத்துத்தான் கேட்டனான்."

கிளெமென்ற் வரலாற்றை விட்டுவிட்டு நேர்த்திக்கு வந்தார். "என்ன நேந்தனீர்?"

"துரொண்ட்ஹெய்மிலை அவரை அடக்கம் பண்ணின கோவிலுக்கு நடந்து வருவியள் எண்டு."

"ஆர்?"

"நீங்கள்."

"அறுநூற்று நாப்பது கிலோமீற்றர்!"

"எனக்குத் தெரியும். பாதை வரைபடம் வாங்கி வைச்சிருக்கிறன்."

"உம்மட வாயாலை நேந்திட்டு என்ரை காலாலை குடுக்கிறதோ?"

ரயிலில் போகலாம் என்றார் கிளெமென்ற். நேர்ந்தது நடையாக என்றார் மரியரஞ்சனி. தனக்கு ஐம்பத்தேழு வயது என்றார் இவர். ஊரில் மடு மாதா கோவிலுக்கு எழுபது வயதில் நடந்தவர்களைத் தனக்குத் தெரியும் என்றார் மனைவி. அப்படியென்றால் கனடாவுக்குப் போய் வந்தபின் நடக்கலாம், ஓலாவ் ஆயிரம் வருடமாகப் பொறுத்திருக்கிறவர், இன்னும் ஆறு மாதம் பொறுக்கமாட்டாரா என்றார். நேர்த்தியைத் தொடங்காமல் விமானத்தில் ஏறினால் விமானத்தில் வேறு ஆட்களும் இருப்பார்கள் அல்லவா, அவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று மரியரஞ்சனி கேட்டார். பேச்சு அதோடு முடிந்தது. கடைசியில் ஒரு உடன்படிக்கை ஏற்பட்டது. குடியுரிமை விண்ணப்பத்துக்கு மறுமொழி வர எப்படியும் மாதக்கணக்கு ஆகும். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிய, துண்டு துண்டாக நடப்பது. விட்ட இடத்தில்தான் அடுத்த ஞாயிறு தொடங்க வேண்டும். மரியரஞ்சனியும் கூட நடப்பார், ஓலாவுக்காக அல்ல, கணவரை நம்பாததால்.

யாத்திரைப் பாதை நெடுக ஓலாவின் குறி பொறித்த மரக்கம்பங்கள் நடப்பட்டிருக்கின்றன. நடை எங்கே நின்றதோ அந்தக் கம்பத்தில் கிளெமென்ற் ஒரு நீல நைலோன் கயிற்றைக் கட்டிவிட்டு வருவார். முதல் இரண்டு மாதத்தில் கயிறு ஒஸ்லோவைத் தாண்டி, பக்கத்து நகரான லில்லஸ்துரோமையும் தாண்டிவிட்டது. மூன்றாம் மாதம் அவருக்கு முழங்கால் பிடித்தது. ஒரு ஞாயிறு மழை. ஒரு ஞாயிறு ஒரு கலியாணம். ஒரு ஞாயிறு ஒன்றுமே இல்லை, சும்மா படுத்திருந்தார். இடுப்பு நோகுது என்று சொல்லிப் பார்த்தாராம், அந்தச் சொல்லுக்கு வீட்டில் உரிமையாளர் வேறு என்று தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். லில்லஸ்துரோமில் இருந்து பேருந்தில் போய், ஒரு கோதுமை வயல் ஓரம் இறங்கினோம். கயிறு கட்டிய கம்பத்தடியில் மரியரஞ்சனி ஒரு கல்லில் இருந்து, அவித்த முட்டையும் பாணும் எடுத்துப் பிரித்தார். இனி அறுநூறு கிலோமீற்றருக்கு மேல் இருந்தது. சாப்பிட்டு முடியப் பாதையைப் பார்த்தோம். அது வயலைத் தாண்டி ஏறிக் காட்டுக்குள் போனது. கிளெமென்ற் சப்பாத்தைக் கழற்றி, உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் தட்டிப் பார்த்தார். அந்த நேரம் போன் அடித்தது. ரொறன்ரோவில் அப்போதுதான் விடிந்திருந்தது.

"அம்மப்பா, எங்கை நிக்கிறியள்?"

"நடக்கிறன் பிள்ளை" என்றார் கிளெமென்ற், ஒரு காலில் சப்பாத்து இல்லாமல், கல்லில் இருந்தபடி.

"இஞ்சையோ வாறியள்?"

அவர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஓம் பிள்ளை. வாறன்."

"கிட்டவோ?"

மரியரஞ்சனி முட்டைக் கோதுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டே நிமிர்ந்து கணவரின் முகத்தைப் பார்த்தார். கிளெமென்ற் போனை அவரிடம் நீட்டினார். சப்பாத்தைப் போட்டார். கம்பத்தடிக்குப் போய், மழையில் இறுகிக் கிடந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நடந்தார். அடுத்த கம்பம் நாற்பது அடியில் நின்றது. அதில் கயிற்றைக் கட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, இன்றைக்கு இவ்வளவு கிட்ட வந்தது போதும் என்பது போல, பேருந்து வரும் பக்கம் திரும்பினார்.